76 வினாடிக்கு ஒரு கார், 30 மணி நேரத்துக்கு ஒரு கார்: எது சரி?

சீனாவின் சியோமி நிறுவனம் 2024இல் தன் முதல் மின்சார காரான எஸ்யு7-ஐ வெளியிட்டது. பெய்ஜிங் ஆலை முழு வேகத்தில் ஓடும்போது 76 வினாடிக்கு ஒரு கார் வெளியே வரும் என்று அப்போது அறிவித்தது. அதற்கு முன், 2021 நவம்பரில், ஃபோக்ஸ்வாகன் தலைவராக இருந்த ஹெர்பர்ட் டீஸ் தன் ஊழியர்களிடம் வேறொரு கணக்கைச் சொன்னார். தங்களுடைய ஸ்விக்காவ் ஆலையில் ஒரு மின்சார காருக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, பெர்லினுக்கு அருகே டெஸ்லா கட்டும் ஆலை அதை 10 மணி நேரத்தில் முடித்துவிடும் என்று அவர் எச்சரித்தார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் குழம்பாமல் இருக்க முடியாது. ஒருவர் வினாடியில் பேசுகிறார், இன்னொருவர் மணியில் பேசுகிறார். அப்படியானால் சியோமி ஃபோக்ஸ்வாகனைவிட ஆயிரம் மடங்கு வேகமா? இல்லை. இரண்டு எண்களும் இரண்டு வேறு விஷயங்களை அளக்கின்றன. எது எதை அளக்கிறது என்று தெரிந்தால்தான் கார் கம்பெனிகளின் நேரப் போட்டியில் யார் எதைச் சாதித்தார்கள் என்று புரியும்.

மூன்று விதமான நேரம்

கார் தயாரிப்பில் "நேரம்" என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்:

1. இடைவெளி நேரம். ஒரு கார் லைனை விட்டு இறங்கியதிலிருந்து அடுத்த கார் இறங்கும்வரை ஆகும் நேரம். தொழிற்சாலைகளில் இதை "தாக்ட் டைம்" என்பார்கள். சியோமியின் 76 வினாடி இதுதான். டீஸின் 30 மணி இது அல்ல, ஒரு காருக்கு ஆகும் மொத்த நேரத்தைப் பற்றியது.

2. பயண நேரம். ஒரே ஒரு காரை எடுத்துக்கொண்டு, அதன் முதல் தகடு உள்ளே நுழைந்ததிலிருந்து முழுக் காராக வெளியே போகும்வரை ஆகும் நேரம். பெயின்ட் காய்வது, அடுத்த வேலைக்காகக் காத்து நிற்பது எல்லாம் இதில் அடங்கும்.

3. உழைப்பு நேரம். ஒரு காருக்காக எல்லாத் தொழிலாளர்களும் சேர்ந்து செலவிடும் மணிகளின் கூட்டுத்தொகை. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக கம்பெனிகளை ஒப்பிட்டுவந்த ஹார்பர் அறிக்கை இதைத்தான் கணக்கிட்டது.

ஒரு ஹோட்டலில் இட்லி ஒரு தட்டு வேக பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஆனால் அடுக்கடுக்காக வேகும்போது பரிமாறுபவர் சில வினாடிக்கு ஒன்று எடுத்து வைக்கிறார். முதலாவது பயண நேரம், இரண்டாவது இடைவெளி நேரம்.

இப்போது காருக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஆலையில் நிமிடத்துக்கு ஒரு கார் இறங்குகிறது, 8 மணி நேர ஷிஃப்ட் இரண்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 960 கார். மொத்தம் 3,000 பேர் வேலை செய்தால் அவர்கள் தரும் உழைப்பு 24,000 மணி. ஒரு காருக்கு 25 மணி. ஒரு காரின் பயண நேரம் 20 மணி என்றால், எந்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்தாலும் 1,200 கார்கள் அரைகுறையாக நின்றுகொண்டிருக்கும். ஒரே ஆலை, ஒரே நாள்: 1 நிமிடம், 20 மணி, 25 மணி. மூன்றுமே உண்மை. விளம்பரம் எழுதுபவர் முதல் எண்ணைத்தான் எடுப்பார், அது இயல்பு.

கம்பெனியின் பணத்துக்கும் தொழிலாளரின் உடம்புக்கும் இந்த எண்கள் வேறு வேறு விதமாகப் பொருள்படும். இடைவெளி நேரம் குறைந்தால் அதே கட்டடத்தில் கூடுதல் கார் கிடைக்கும். பயண நேரம் குறைந்தால் பாதி செய்து நிற்கும் கார்களில் முடங்கிய பணம் குறையும். உழைப்பு நேரம் குறைந்தால் சம்பளச் செலவு குறையும். ஒன்றைக் குறைத்தால் மற்றது தானாகக் குறையும் என்று சொல்ல முடியாது.

ஆலைக்குள் நேரம் எங்கே செலவாகிறது

ஒரு கார் ஆலையில் நான்கு பெரிய பகுதிகள் உண்டு. பிரெஸ் ஷாப்பில் தகடுகள் அச்சில் அழுத்தப்படுகின்றன. பாடி ஷாப்பில் அவை வெல்டிங் ஆகி உடலாகின்றன. அப்புறம் பெயின்ட் ஷாப். கடைசியாக இருக்கை, கண்ணாடி, வயரிங், சக்கரம் எல்லாம் பொருத்தும் அசெம்ப்ளி.

பிரெஸ், பாடி இரண்டிலும் இன்று பெரும்பாலும் ரோபோக்கள்தான். பெயின்டில் மனித வேலை குறைவு. ஆனால் பூச்சுக்குப் பூச்சு அடுப்பில் வைத்துக் காய வைக்க வேண்டியிருப்பதால் பயண நேரத்தின் பெரும் பங்கு அங்கே போகிறது. அசெம்ப்ளியில்தான் இன்னும் மனிதக் கை அதிகம். வளைந்து கொடுக்கும் வயரிங் கட்டைக் கூரைக்குள் நுழைக்கும் வேலையை ரோபோவுக்குக் கற்றுக்கொடுப்பது இன்றும் கடினம். ஆக, உழைப்பு நேரத்துக்கான போட்டி பெரும்பாலும் அசெம்ப்ளியில்தான் நடக்கிறது.

ஃபோர்டு: வேலையைத் துண்டு போட்டது

மிச்சிகனில் ஹைலாண்ட் பார்க் ஆலை, 1913. அதுவரை மாடல் டி காரின் சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) ஓரிடத்தில் நிற்கும், தொழிலாளர்கள் பாகங்களோடு அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒரு சேசிஸைச் சேர்த்து முடிக்க 12 மணி 28 நிமிட உழைப்பு ஆனது.

முதல் சோதனை காரில் நடக்கவில்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ என்ற சிறு பாகத்தில்தான் நடந்தது. ஒரு தொழிலாளி தனியாகச் செய்தால் ஒன்றுக்கு 20 நிமிடம். வேலையை 29 பேருக்குப் பிரித்துக் கொடுத்து வரிசையாக நிறுத்தியதும் 13 நிமிடம் 10 வினாடி ஆனது. குனிந்து வேலை செய்ய வேண்டாம் என்று மேசையின் உயரத்தைக் கூட்டியதும் 7 நிமிடம். பின்னர் 5 நிமிடம். மாறியவை பெரும்பாலும் உயரமும் வரிசையும் வேகமும்தான். அதே முறை சேசிஸுக்கு வந்தது. முதலில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், பிறகு சங்கிலி. 1914 ஏப்ரலில் சேசிஸ் நேரம் 93 நிமிடமாக இறங்கியது.

"ஃபோர்டு 93 நிமிடத்தில் ஒரு கார் செய்தார்" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது சேசிஸ் அசெம்ப்ளிக்கு மட்டுமான உழைப்பு நேரம். எஞ்சின், உடல், வார்ப்பு வேலைகள் அதில் இல்லை. தவறான ஒப்பீடு என்ற நோய்க்கும் நூறு வயது தாண்டிவிட்டது.

விளைவு என்னவோ உண்மையிலேயே பெரியது. 1914இல் சுமார் 13,000 தொழிலாளர்களை வைத்து ஃபோர்டு இரண்டரை லட்சத்துக்கும் மேல் கார்கள் செய்தது. அமெரிக்காவின் மற்ற எல்லா கார் கம்பெனிகளும் சேர்ந்து ஏறக்குறைய அதே எண்ணிக்கையைச் செய்ய 66,000 பேர் தேவைப்பட்டார்கள். 1908இல் 850 டாலராக இருந்த மாடல் டி, 1925வாக்கில் 300 டாலருக்கும் கீழே வந்தது.

ஆனால் அந்த லைனில் நிற்க யாருக்கும் பிடிக்கவில்லை. 1913இல் 14,000 பேர் கொண்ட ஆலையை நடத்த, ஓராண்டில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. வருவார்கள், சில வாரம் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். 1914 ஜனவரியில் ஃபோர்டு அறிவித்த நாளுக்கு 5 டாலர் ஊதியத்தை வள்ளல்தன்மையாகப் பேசுவது வழக்கம். எனக்கு அது லைனின் வேகத்துக்கான விலையாகத்தான் தெரிகிறது. காரின் உழைப்பு நேரம் குறைந்தபோது, அந்த நேரத்தைச் சகித்துக்கொள்ளும் கூலி ஏறத்தான் வேண்டியிருந்தது.

இன்னொரு விலை பின்னால் வந்தது. ஒரே மாடலுக்காக இவ்வளவு நேர்த்தியாக அமைத்த ஆலையால் வேறு மாடலுக்கு மாற முடியவில்லை. 1920களில் ஜெனரல் மோட்டார்ஸ் சீக்கிரம் காயும் டூக்கோ பெயின்டைக் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் இழுத்த பெயின்ட் வேலை நாள்கணக்குக்குச் சுருங்கியது, வண்ண வண்ணமாகக் கார்கள் வந்தன, மாடல்கள் அடிக்கடி மாறின. ஃபோர்டு 1927 மே மாதம் மாடல் டி-ஐ நிறுத்தியது. அடுத்த மாடல் ஏ டிசம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. உலகத்தின் வேகமான ஆலை பல மாதம் சும்மா கிடந்தது. ஒரு காருக்கான நேரத்தைக் குறைத்தவர், அடுத்த காருக்கு மாறும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

36 வினாடி: லார்ட்ஸ்டவுனில் நடந்தது

ஃபோர்டின் வழியை அதன் எல்லைவரை தள்ளிப் பார்த்தது ஜெனரல் மோட்டார்ஸ். ஒஹாயோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் 1970களின் தொடக்கத்தில் வேகா கார்களை மணிக்கு 100 என்ற வேகத்தில் ஓட்டினார்கள். வழக்கமான லைன் மணிக்கு 60. நூறு என்றால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு காரில் 36 வினாடிதான். ஒரு திருகை விட்டால் அடுத்த கார் வந்து நிற்கும்.

ஆட்குறைப்பும் சேர்ந்துகொள்ள, 1972 மார்ச்சில் இளம் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வைவிட மூச்சுவிடும் நேரத்தை. இடைவெளி நேரத்தில் லார்ட்ஸ்டவுன் இன்றைய பல ஆலைகளைவிட வேகமானது. ஆனால் குறைகளோடு இறங்கிய கார்களை முற்றத்தில் நிறுத்திவைத்துத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த ரீவொர்க் நேரம் எந்த விளம்பர எண்ணிலும் வராது.

டொயோட்டா: காத்திருப்பைத் தேடிப் போனது

ஜப்பானில் நிலைமை வேறு. போருக்குப் பிந்தைய டொயோட்டாவிடம் பணம் இல்லை, சந்தையும் சிறியது. ஒரே மாடலை லட்சக்கணக்கில் செய்ய வழியில்லை. பல மாடல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். அதற்குப் பெரிய தடை பிரெஸ் ஷாப்பின் அச்சுகள். ஒரு அச்சைக் கழற்றி இன்னொன்றை மாட்டப் பல மணி நேரம் ஆகும். அதனால் எல்லோரும் ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் அடித்து அடுக்கிவைத்தார்கள்.

டொயோட்டா பொறியாளர் டைச்சி ஓனோவும் பின்னர் ஆலோசகர் ஷிகியோ ஷிங்கோவும் அந்த மாற்று நேரத்தையே குறி வைத்தார்கள். பிரெஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய வேலைகள் எவை, அதை நிறுத்தினால்தான் செய்ய முடிகிற வேலைகள் எவை என்று பிரித்தார்கள். முதல் வகை எல்லாம் முன்கூட்டியே முடிந்துவிடும். 1970வாக்கில் 1,000 டன் பிரெஸ் ஒன்றின் அச்சு மாற்றம் 4 மணி நேரத்திலிருந்து 3 நிமிடத்துக்கு வந்தது.

இதன் பலன் அந்த 4 மணியோடு முடியவில்லை. அச்சை நினைத்தபோது மாற்ற முடிந்தால் பாகங்களைக் குவித்துவைக்கத் தேவையில்லை. குவியல் இல்லாவிட்டால் தவறான பாகம் ஒன்று வந்தால் உடனே தெரிந்துவிடும், ஆயிரம் பாகம் வீணான பிறகு தெரியாது. தவறு உடனே தெரிந்தால் ரீவொர்க் குறையும். ரீவொர்க் குறைந்தால் உழைப்பு நேரம் குறையும். தொழிலாளியின் கை வேகத்தைக் கூட்டாமலே மணிகள் குறைந்தது இப்படித்தான். இந்த நூறாண்டுக் கதையில் மிக முக்கியமான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், ஓடும் லைனைவிட இந்தச் சங்கிலித் தொடர்பைத்தான் நான் சொல்வேன்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களின் நடுவில் எடுத்த ஒப்பீடு இதை எண்ணில் காட்டியது. ஒரே மாதிரி வேலைகளுக்குச் சரிசெய்த பிறகு ஒரு காருக்கான அசெம்ப்ளி உழைப்பு, ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலையில் 31 மணி, டொயோட்டாவின் தகாவோகா ஆலையில் 16 மணி. பாதி நேரத்தில் செய்த கார்கள் தரத்தில் குறையவில்லை, ஜப்பானியக் கார்களில்தான் குறைகளும் கம்மி. பாக இருப்பு ஃப்ரேமிங்ஹாமில் சராசரியாக 2 வாரத்துக்கு, தகாவோகாவில் 2 மணி நேரத்துக்கு.

ஃப்ரீமான்ட் சொன்ன சாட்சி

"அது ஜப்பானியரின் பண்பாடு, நம்மால் ஆகாது" என்ற பேச்சு அன்று பலமாக இருந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை அதற்குப் பதில் சொன்னது. ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே 1982இல் கதவைச் சாத்தியது. வேலைக்கு வராதோர் எண்ணிக்கைக்கும் சண்டைக்கும் பேர்போன இடம் அது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நம்மி என்ற பெயரில் அதே கட்டடத்தைத் திறந்தன. எடுத்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே, தொழிற்சங்கமும் பழையதே. நிர்வாகமும் முறையும் டொயோட்டாவுடையவை.

அதே எம்ஐடி ஒப்பீட்டில் நம்மியின் எண் 19 மணி. குறைகள் தகாவோகா அளவுக்கே இருந்தன. அங்கே எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். நிறுத்தினால் திட்டு விழாது, யாராவது உதவிக்கு வருவார்கள். லைன் அடிக்கடி நிற்கிறது, ஆனாலும் மொத்த நேரம் குறைகிறது. ரீவொர்க் முற்றத்தை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

அதே 1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சொந்த ஆலைகளில் பல ஆயிரம் கோடி டாலரை ரோபோக்களிலும் புதிய இயந்திரங்களிலும் கொட்டியது. நம்மி வழியில் கிடைத்த பலன் அந்தச் செலவில் கிடைக்கவில்லை.

வித்தியாசம் குறைந்தது, கிரைஸ்லர் மூழ்கியது

பாடம் மெல்ல எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. 2008இல் வந்த ஹார்பர் அறிக்கையின்படி, வட அமெரிக்காவில் 2007இல் ஒரு காருக்கான மொத்த உழைப்பு நேரத்தில் டொயோட்டாவும் அமெரிக்க கம்பெனியான கிரைஸ்லரும் 30.37 மணியோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஃபோர்டு 33.88 மணி. முதலுக்கும் ஃபோர்டுக்கும் இடையே மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம்.

அந்த அறிக்கை வந்த அடுத்த ஆண்டு, 2009 ஏப்ரல் 30 அன்று, கிரைஸ்லர் திவால் மனு போட்டது. ஒரு மாதம் கழித்து ஜெனரல் மோட்டார்ஸும்.

வேகத்தில் முதலிடம் பிடித்த கம்பெனி எப்படி மூழ்கியது? ஒரு காருக்கான உழைப்பில் 3 மணி குறைந்தால், மணிக்கு 50 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் 150 டாலர்தான் மிச்சம். மக்கள் விரும்பாத காரை விற்க ஆயிரக்கணக்கான டாலர் தள்ளுபடி கொடுத்தால் அந்த 150 எங்கே போகும்? ஓய்வூதியச் சுமை, பெட்ரோல் விலை ஏறியபோது பெரிய வண்டிகளையே நம்பியிருந்தது, கடன் சந்தை உறைந்தது என்று காரணங்கள் பல. உழைப்பு நேரம் ஆலையைப் பற்றிச் சொல்லும். அந்த ஆலை செய்யும் காரை யாராவது வாங்குவார்களா என்பதைச் சொல்லாது.

விற்பனைதான் உழைப்பு நேரத்தையே தீர்மானிக்கிறது என்றும் சொல்லலாம். முன்பு போட்ட கணக்கில் அதே 3,000 பேர் இருக்க, விற்பனை பாதியாகி ஒரு நாளைக்கு 480 கார் மட்டும் செய்தால் ஒரு காருக்கு 50 மணி ஆகிவிடும். தொழிலாளர் யாரும் சோம்பேறி ஆகவில்லை, ஆர்டர்தான் இல்லை. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் ஃபோர்டு ஆலைக்கு நேர்ந்ததும் இந்த வகைதான். நிறுவிய திறனுக்கு ஏற்ற விற்பனை வரவில்லை. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது.

டெஸ்லா: பாகங்களையே குறைத்தது

ஃப்ரீமான்ட் ஆலை 2010இல் மீண்டும் கை மாறியது, வாங்கியது டெஸ்லா. டொயோட்டாவின் பாடம் எழுதப்பட்ட அதே கூரைக்குக் கீழே, டெஸ்லா முதலில் ஜெனரல் மோட்டார்ஸின் 1980களின் தவற்றைத்தான் செய்தது. மாடல் 3-க்காக எல்லாவற்றையும் ரோபோவிடம் விட முயன்று 2017, 2018இல் திணறியது. சிக்கலான கன்வேயர் அமைப்பு ஒன்றைக் கழற்றி எறிய வேண்டியிருந்தது. அளவுக்கு மீறிய தானியங்கிமயம் தவறு என்று ஈலான் மஸ்க்கே 2018 ஏப்ரலில் ஒப்புக்கொண்டார். வாரம் 5,000 கார் என்ற இலக்கை எட்ட, ஆலைக்கு வெளியே கூடாரம் போட்டு ஆட்களை வைத்து இன்னொரு லைன் ஓட்டினார்கள்.

உண்மையான மாற்றம் அதற்குப் பிறகு, கார் வடிவமைப்பிலிருந்து வந்தது. மாடல் 3 காரின் பின்பக்க அடிப்பாகம் சுமார் 70 துண்டுகளை வெல்டிங் செய்து ஆனது. இத்தாலியின் இட்ரா நிறுவனத்திடம் வாங்கிய ராட்சத வார்ப்பு இயந்திரத்தில் அலுமினியத்தை ஊற்றி, மாடல் ஒய் காரில் அதை ஒரே துண்டாக எடுத்தார்கள். 70 துண்டுகளைப் பிடித்து நிறுத்தவும் வெல்டிங் செய்யவும் அளந்து பார்க்கவும் ஆகும் நேரம் மொத்தமாகப் போய்விட்டது. ஃபோர்டு வேலையை வேகமாக்கினார், டொயோட்டா வேலைகளுக்கு நடுவே இருந்த வெற்று நேரத்தை நீக்கியது, டெஸ்லா வேலையையே இல்லாமல் செய்தது. மின்சார காரில் எஞ்சின், கியர்பாக்ஸ், புகைக்குழாய் இல்லாததும் இதற்குத் துணை.

டீஸ் பயந்தது இதைப் பார்த்துத்தான். ஸ்விக்காவ் நேரத்தை 20 மணிக்குக் கொண்டுவர இலக்கு வைத்தார். வுல்ஃப்ஸ்பர்க் பக்கத்தில் 10 மணியில் ஒரு கார் செய்யும் புதிய ஆலைக்கு 2022இல் ஒப்புதலும் வாங்கினார். ஆனால் வேலை இழப்பு பற்றிய பேச்சால் தொழிற்சங்கத்தோடு மோதல், மென்பொருள் தாமதம் எல்லாம் சேர்ந்து அதே ஆண்டு பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. புதிய ஆலைத் திட்டத்தை 2023இல் கைவிட்டார்கள்.

டொயோட்டாவின் பதில் அதன் குணத்துக்கு ஏற்றபடி வந்தது. 2023இல் காட்டிய வார்ப்பு இயந்திரத்தில், 86 பாகங்களால் ஆன பின்பகுதி ஒரே துண்டாகச் சுமார் 3 நிமிடத்தில் வெளிவந்தது. அதோடு, பொதுவாக ஒரு நாள் பிடிக்கும் வார்ப்பு அச்சு மாற்றத்தைத் தாங்கள் 20 நிமிடத்தில் செய்வோம் என்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிரெஸ்ஸில் கேட்ட அதே கேள்வியைப் புதிய இயந்திரத்திடமும் கேட்டிருக்கிறார்கள்.

எண்களை ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்

1. வெளியே போன வேலை. டாஷ்போர்டை ஆலைக்குள்ளேயே பொருத்தினால் அது நம் மணி. சப்ளையர் முழுதாகச் செய்து கொண்டுவந்தால் அது அவர் மணி. காருக்குள் போன உழைப்பு அதேதான். சீனாவின் பிஒய்டி கம்பெனி 2024இல் சுமார் 42.7 லட்சம் வண்டிகள் விற்றது, ஊழியர்கள் 9 லட்சத்துக்கு மேல். டொயோட்டா சுமார் 3.8 லட்சம் ஊழியர்களோடு 1 கோடிக்கு மேல் விற்றது. இதை வைத்து பிஒய்டி மந்தம் என்று சொன்னால் அபத்தம். அது பேட்டரி, சிப் முதல் பெரும்பாலானவற்றைத் தானே செய்கிறது, பிற கம்பெனிகளுக்கு ஃபோன்கூடச் சேர்த்துக் கொடுக்கிறது.

2. மாடல் கலவை. ஸ்விக்காவில் மூன்று பிராண்டுகளின் ஆறு மாடல்கள் ஒரே ஆலையில் ஓடின. டெஸ்லாவின் ஜெர்மன் ஆலையில் மாடல் ஒய் மட்டும். கதவு வேறு, இருக்கை வேறு என்று மாறிக்கொண்டே இருந்தால் மணி கூடத்தான் செய்யும்.

3. திறனும் நடைமுறையும். "76 வினாடி" என்பது ஆலை முழு வேகத்தில் ஓடினால் கிடைக்கும் எண். ஓர் ஆண்டில் எத்தனை கார் உண்மையில் இறங்கின என்று பார்த்தால்தான் சராசரி தெரியும்.

வேகத்தின் விலை யார் தலையில்

முதலில் தொழிலாளர். ஒரு மனிதரின் வேலையை ஒரு நிமிடத்துக்கும் கீழே நறுக்கினால் என்ன ஆகும் என்பதை லார்ட்ஸ்டவுன் காட்டியது. டெஸ்லா 2023இல் முன்வைத்த புதிய முறையில் காரைப் பகுதி பகுதியாகத் தனித்தனி லைன்களில் முடித்துக் கடைசியில் சேர்ப்பார்கள். அதில் 10 வினாடிக்கும் கீழான இடைவெளி நேரம் பற்றி மஸ்க் பேசுகிறார். 10 வினாடியில் ஒரு மனிதர் ஒரு திருகை எடுத்து, குறி பார்த்து, முறுக்கி முடிப்பதே பெரிது. ஆகவே அந்த எண் உண்மையானால் அது பெரும்பாலும் ஆளில்லாத லைனாகத்தான் இருக்கும். ஜெர்மனியில் திசை ஏற்கெனவே தெரிகிறது. ஃபோக்ஸ்வாகனும் தொழிற்சங்கமும் 2024 டிசம்பரில் செய்த ஒப்பந்தப்படி, 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட வேலைகள் குறையும்.

அடுத்து சப்ளையர். இருப்பு 2 மணி நேரத்துக்குத்தான் என்றால், ஒரு சிறு சப்ளையர் தடுக்கினால் எல்லாமே நிற்கும். 2022இல் கோஜிமா என்ற பாகத் தயாரிப்பு நிறுவனம் சைபர் தாக்குதலுக்கு ஆளானது. மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் 28 லைன்களும் ஒரு நாள் நின்றன. சுமார் 13,000 கார்கள் அன்று செய்யப்படவில்லை.

மூன்றாவது, வாங்குபவர். 70 துண்டுகளாக இருந்தபோது இடிபட்ட துண்டை மட்டும் மாற்றலாம். ஒரே வார்ப்பாக இருந்தால் பழுது பார்ப்பது கடினம், சில நேரம் முழுப் பகுதியையே மாற்ற வேண்டிவரும். ஆலை மிச்சப்படுத்திய மணிகளில் ஒரு பங்கு காப்பீட்டுத் தவணையாகத் திரும்பி வரலாம்.

ஆலைக்கு வெளியே ஓடும் பந்தயம்

இப்போது கம்பெனிகளை அதிகம் பதற வைப்பது இந்த மூன்று நேரங்களில் எதுவும் இல்லை. வரைபடத்தில் தொடங்கி முதல் கார் லைனில் இறங்கும்வரை ஆகும் காலம்தான். ஐரோப்பிய, ஜப்பானிய கம்பெனிகள் வழக்கமாக நான்கைந்து ஆண்டு எடுத்துக்கொள்வார்கள். சீன கம்பெனிகள் இரண்டு ஆண்டுக்குப் பக்கத்தில் முடிக்கிறார்கள். கணினியிலேயே மோதல் சோதனை, பல துறைகள் ஒரே நேரத்தில் வேலை, விற்ற பிறகும் மென்பொருளைத் திருத்தலாம் என்ற துணிவு, அருகிலேயே இருக்கும் சப்ளையர்கள் என்று அதற்குக் காரணங்கள் உண்டு.

1927இல் ஃபோர்டு தோற்றது இதே இடத்தில்தான். ஒரு காரைச் செய்யும் மணிகளில் இரண்டைக் குறைப்பதைவிட, வாங்குபவர் கேட்கும் காரை இரண்டு ஆண்டு முன்னதாகக் கடைக்குக் கொண்டுவருவது பல மடங்கு லாபம். நிஸான் புதிய காரை உருவாக்கும் காலத்தை ஒரு வகையின் முதல் மாடலுக்கு 37 மாதமாகவும், அதைத் தொடர்ந்து வரும் மாடல்களுக்கு 30 மாதமாகவும் சுருக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. ரெனோ தன் மின்சார ட்விங்கோவை ஷாங்காயில் ஒரு குழுவை அமர்த்தி ஏறக்குறைய இரண்டே ஆண்டில் உருவாக்கியது. கார் செய்யப்படுவது ஸ்லொவீனியாவில்.